டிஎன்ஏ தன்னைத்தானே நகல் எடுக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினாறு வருடமாகப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் கேட்டவை, வகுப்பு முடிந்தபின் தயங்கித் தயங்கி வந்து கேட்டவை, பெற்றோர் கூட்டத்தன்று அம்மாக்கள் கேட்டவை என்று கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. அதில் திரும்பத் திரும்ப வருகிறவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். செல், குரோமோசோம் என்று தமிழ்நாட்டுப் பாடநூல் சொற்களையே பயன்படுத்துகிறேன். இலங்கையில் படித்தவர்கள் கலம், நிறமூர்த்தம் என்று வாசித்துக்கொள்ளுங்கள்.

டிஎன்ஏ என்பது என்ன, ஒரே பத்தியில் சொல்ல முடியுமா?

முடியும். நீளமான இரண்டு இழைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு முறுக்கிய ஏணி போல இருக்கும். ஒவ்வொரு இழையிலும் அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்ற நான்கு காரங்கள் (எழுத்துகள் என்று வைத்துக்கொள்வோம்) ஏதோ ஒரு வரிசையில் கோத்திருக்கும். இந்த இழையில் அடினைன் இருந்தால் எதிரில் தைமின், இங்கே குவானைன் இருந்தால் எதிரில் சைட்டோசின், இந்த ஜோடி மாறாது. மனிதச் செல் ஒன்றில் அப்பாவிடமிருந்து வந்தது 310 கோடி ஜோடி, அம்மாவிடமிருந்து வந்தது ஏறக்குறைய அதே அளவு, எல்லாம் 46 குரோமோசோம்களாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும், நீட்டினால் 2 மீட்டர் வரும். இந்த வடிவத்தை 1953-இல் வாட்சனும் கிரிக்கும் வெளியிட்டார்கள். அதற்குப் பெரிய ஆதாரமாக இருந்தது லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ரோசலிண்ட் பிராங்க்ளினும் அவருடைய மாணவர் ரேமண்ட் காஸ்லிங்கும் எடுத்த எக்ஸ் கதிர்ப் படம். பிராங்க்ளின் பெயரைச் சொல்லாமல் நான் இந்தப் பாடத்தைத் தொடங்குவதே இல்லை.

"டிஎன்ஏ தன்னைத்தானே நகல் எடுத்துக்கொள்கிறது" என்று படிக்கிறோமே, அது சரிதானே?

பரீட்சையில் எழுதலாம், மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அந்த வாக்கியம் எனக்குப் பல வருடமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது, ஏனென்றால் டிஎன்ஏ தானாக எதையும் செய்வதில்லை. சுத்தம் செய்த டிஎன்ஏவை ஒரு சின்னக் குழாயில் போட்டுக் குளிரில் வைத்தால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும், ஒரு எழுத்துகூடக் கூடாது. நகல் எடுப்பது செல். இழைகளைப் பிரிக்க ஒரு நொதி (செல்லுக்குள் வேதி வேலைகளைச் செய்து முடிக்கும் புரதம்), எழுத்தைக் கோக்க ஒரு நொதி, தப்பைத் திருத்த ஒரு நொதி என்று செல்லுக்குள் ஒரு கூட்டமே சேர்ந்து செய்கிற வேலை அது, அதற்கான சக்தியையும் புதிய எழுத்துகளையும் செல்தான் தயாரித்துக் கொடுக்கிறது. அமெரிக்க விஞ்ஞானி ஆர்தர் கோர்ன்பெர்க் 1950-களின் நடுவில் சோதனைக் குழாயில் டிஎன்ஏவை உண்டாக்கிக் காட்டியபோதும், அதற்கு வேண்டிய, எழுத்தைக் கோக்கும் பாலிமரேஸ் நொதியை பாக்டீரியா செல்களை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

அந்த நொதிகளைச் செய்யும் குறிப்பு டிஎன்ஏவில்தானே இருக்கிறது என்று உடனே ஒரு கை உயரும். உயரட்டும், நல்ல கேள்வி. இதற்கு மறுபக்கத்தை நம் ரத்தத்திலேயே பார்க்கலாம். முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவும் (செல்லுக்குள் டிஎன்ஏ இருக்கும் அறை) கிடையாது, டிஎன்ஏவும் கிடையாது. அது பிரியவே முடியாது, 120 நாள் வேலை பார்த்துவிட்டு அழிந்துபோகும். டிஎன்ஏ இல்லாத செல்லும் பெருகாது, செல் இல்லாத டிஎன்ஏவும் பெருகாது. கீழே வரும் பதில்கள் பலவற்றில் இந்தச் செய்தி திரும்பத் திரும்ப வரும்.

சரி, செல் எப்படித்தான் நகல் எடுக்கிறது?

முதலில் இரண்டு இழைகளையும் பிரிக்க வேண்டும். ஹெலிகேஸ் என்ற நொதி இழைகளுக்கு நடுவே நுழைந்து ஜோடிகளை விலக்கிக்கொண்டே ஓடுகிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. முறுக்கிய கயிறு ஒன்றை எடுத்து, அதன் இரண்டு புரிகளையும் ஒரு முனையில் பிடித்து வேகமாகப் பிரித்துப் பாருங்கள். பிரிக்கப் பிரிக்க முன்னால் இருக்கும் பகுதி இன்னும் இறுகிச் சுருண்டுகொள்ளும், ஒரு கட்டத்துக்கு மேல் பிரிக்கவே வராது. டிஎன்ஏவுக்கும் இதே கதிதான். நம் குடலில் இருக்கும் ஈ.கோலை பாக்டீரியாவில் நகல் எடுப்பு நொடிக்கு ஏறக்குறைய 1,000 எழுத்து வேகத்தில் போகிறது, பத்தரை எழுத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் நொடிக்குத் தொண்ணூற்றைந்து சுற்று முறுக்கு முன்னால் சேர்ந்துகொண்டே போகும். அந்த முறுக்கை எடுக்கத்தான் டோப்போஐசோமரேஸ் வகை நொதிகள்: இழையை வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, வெட்டிய இடத்தை மறுபடி ஒட்டிவிடும். பாக்டீரியாவில் இருக்கும் இந்த வகை நொதிக்கு கைரேஸ் என்று பெயர். காய்ச்சலுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ டாக்டர் எழுதித் தரும் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை அந்த கைரேஸைத்தான் பிடிக்கிறது. வெட்டிய இடம் ஒட்டாமலே நின்றுவிடும், பாக்டீரியா சாகும். நம்முடைய நொதி வேறு அமைப்பு என்பதால் மருந்து அளவில் அதை இந்த மாத்திரை பெரிதாகத் தொடுவதில்லை.

இழைகள் பிரிந்தபின் டிஎன்ஏ பாலிமரேஸ் வருகிறது. பழைய இழையைப் படித்து, எதிர் எழுத்தை எடுத்துக் கோத்துக்கொண்டே போவது இதன் வேலை. ஆனால் இதற்கு வெறும் இடத்தில் தொடங்கத் தெரியாது, ஏற்கனவே இருக்கும் ஒரு முனையோடு ஒட்டத்தான் தெரியும். அதனால் பிரைமேஸ் என்ற இன்னொரு நொதி முன்னால் வந்து பத்து எழுத்து அளவில் ஒரு குட்டி ஆர்என்ஏ (டிஎன்ஏவின் நெருங்கிய உறவுப் பொருள்) துண்டைப் போட்டுக் கொடுக்கிறது. பிறகு அந்த ஆர்என்ஏவை எடுத்துவிட்டு டிஎன்ஏவால் நிரப்பி, இடைவெளியை லிகேஸ் என்ற நொதி ஒட்டிவிடும்.

ஒரு இழை நீளமாக வருகிறது, இன்னொன்று ஏன் துண்டு துண்டாக வருகிறது?

இதில்தான் பிள்ளைகள் அதிகமாகக் குழம்புகிறார்கள். இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன, ஒரே சாலையில் போகும் வண்டியும் வரும் வண்டியும் போல. பாலிமரேஸுக்கோ ஒரே திசையில்தான் எழுதத் தெரியும், இழையின் இரண்டு முனைகளில் '3 முனை' என்று பெயரிட்ட ஒன்றில் மட்டுமே அது புது எழுத்தைச் சேர்க்கும். ஆக, ஏணி பிரிந்துகொண்டு போகும் திசையும் எழுதும் திசையும் ஒன்றாக இருக்கும் பக்கத்தில் நிற்காமல் எழுதிக்கொண்டே போகலாம். மற்ற பக்கத்தில் கொஞ்சம் பிரிந்ததும் பின்னோக்கி எழுது, இன்னும் கொஞ்சம் பிரிந்ததும் மறுபடி முன்னால் வந்து பின்னோக்கி எழுது என்று துண்டு துண்டாகத்தான் முடியும். பாக்டீரியாவில் ஒரு துண்டு 1,000 முதல் 2,000 எழுத்து, நம் செல்லில் 100 முதல் 200 எழுத்துதான்.

இந்தத் துண்டுகளைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த ரெய்ஜி ஒகசாகி, சுனேகோ ஒகசாகி தம்பதி, 1960-களில். ரெய்ஜி ஹிரோஷிமாக்காரர், சிறுவனாக இருந்தபோது அணுகுண்டுக் கதிர்வீச்சுக்கு ஆளானவர். 1975-இல், 44 வயதில், ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனார். சுனேகோ அந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்து நடத்தினார். பாடநூலில் "ஒகசாகி துண்டுகள்" என்று இரண்டே சொல்லில் கடந்துபோகிறோம், எனக்கு அந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்கத் தோன்றும்.

நகல் எடுத்தபின் பழைய டிஎன்ஏ என்ன ஆகிறது?

எங்கும் போவதில்லை. பழைய ஏணியின் இரண்டு பக்கமும் பிரிந்து, ஒவ்வொன்றும் ஒரு புது ஏணியில் பாதியாகிவிடும். இதை நிரூபித்த சோதனைதான் உயிரியலிலேயே எனக்கு மிகவும் பிடித்த சோதனை. அமெரிக்காவில் கால்டெக் நிறுவனத்தில் மேத்யூ மெசல்சன், பிராங்க்ளின் ஸ்டால் என்ற இரண்டு இளைஞர்கள் செய்து 1958-இல் வெளியிட்டார்கள்.

ஈ.கோலையைப் பல தலைமுறைகளுக்குக் கனமான நைட்ரஜன்-15 மட்டுமே உள்ள உணவில் வளர்த்தார்கள், அதனால் அதன் டிஎன்ஏ முழுக்கக் கனமாகிவிட்டது. பிறகு திடீரென்று சாதாரண நைட்ரஜன்-14 உணவுக்கு மாற்றினார்கள். இனி எழுதப்படும் இழை எல்லாம் இலேசான இழை. ஒவ்வொரு தலைமுறையிலும் டிஎன்ஏவை எடுத்து, சீசியம் குளோரைடு கரைசலில் போட்டு, மிக அதிக வேகத்தில் சுழற்றி, அது எந்த உயரத்தில் போய் நிற்கிறது என்று பார்த்தார்கள். முதல் தலைமுறையில் கனமும் இல்லை, இலேசும் இல்லை, நடுவில் ஒரே ஒரு பட்டை. பழையது முழுதாக அப்படியே இருந்து புதியது தனியாக வந்திருந்தால் கனமாக ஒன்று, இலேசாக ஒன்று என்று இரண்டு பட்டை தெரிந்திருக்க வேண்டும், அதனால் அந்த எண்ணம் அங்கேயே அடிபட்டது. இரண்டாம் தலைமுறையில் பாதி நடுவில், பாதி இலேசான இடத்தில். பழைய இழை துண்டு துண்டாகச் சிதறிக் கலந்திருந்தால் இப்படித் தனித்தனியாக நிற்காது. ஆக, ஒவ்வொரு நகலிலும் ஒரு இழை பழசு, ஒரு இழை புதுசு.

இதை யோசித்துக்கொண்டே போனால் எனக்குச் சிலிர்க்கும். நீங்கள் ஒற்றைச் செல்லாக இருந்தபோது அப்பாவின் விந்தணுவில் வந்த இழைகளும் அம்மாவின் முட்டையில் இருந்த இழைகளும் அன்றைக்கே அழிந்துவிடவில்லை. ஒவ்வொரு பிரிவிலும் ஏதோ ஒரு செல்லுக்குப் போய்க்கொண்டே இருந்தன. வழியில் பழுதுபார்த்ததில் சில துண்டுகள் மாறியிருக்கும், போய்ச் சேர்ந்த செல்லே இறந்தும் போயிருக்கலாம், ஆனால் நகல் எடுத்ததும் மூலத்தைத் தூக்கி எறியும் பழக்கம் செல்லுக்குக் கிடையாது.

600 கோடி எழுத்தை எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

நம் செல்லில் ஏறக்குறைய 8 மணி நேரம். பாக்டீரியாவைவிட நம் நொதிகள் மெதுவானவை, நொடிக்கு 50 எழுத்து அளவில்தான் போகும். நம்முடைய பெரிய குரோமோசோமான முதலாம் எண்ணில் ஏறக்குறைய 25 கோடி ஜோடி இருக்கிறது, நடுவில் ஒரே இடத்தில் தொடங்கி இரு பக்கமும் எழுதிக்கொண்டு போனால் ஒரு மாதம் ஆகிவிடும். அதனால் செல் பல்லாயிரம் இடங்களில் ஒரே சமயத்தில் வேலையைத் தொடங்குகிறது.

ஈ.கோலையின் கதை இன்னும் சுவையானது. அதற்கு 46 லட்சம் ஜோடி, தொடங்கும் இடம் ஒன்றே ஒன்று, இரு பக்கமும் நொடிக்கு 1,000 வீதம் போனால் 40 நிமிடம் ஆகும். ஆனால் நல்ல தீனி கிடைத்தால் அது 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகிறது! எப்படி என்றால், ஒரு நகல் முடியும் முன்பே அடுத்த நகலைத் தொடங்கிவிடுகிறது. இப்போது பிறக்கும் பாக்டீரியாவுக்குள் அதன் பிள்ளைகளுக்கான நகல் பாதி எழுதப்பட்டே இருக்கிறது.

இவ்வளவு வேகத்தில் தப்பு வராதா?

வரும். பாலிமரேஸ் லட்சம் எழுத்துக்கு ஒன்று அளவில் தப்பாகக் கோத்துவிடும். கோத்த உடனே ஜோடி சரியாக உட்காராததை உணர்ந்து, ஒரு அடி பின்வாங்கி, அந்த எழுத்தை வெட்டிவிட்டு மறுபடி கோக்கும், இதிலேயே பெரும்பாலான தப்புகள் போய்விடும். அதையும் தாண்டியவற்றைப் பின்னால் வரும் பழுதுபார்க்கும் நொதிகள் தேடிப் பிடிக்கின்றன. கடைசியில் நூறு கோடி எழுத்துக்கு ஒரு தப்பு என்ற அளவுக்கு இறங்கிவிடும். பழுதுபார்க்கும் முறைகளைக் கண்டறிந்ததற்காக 2015-இல் லிண்டால், மாட்ரிச், சன்ஜார் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. இந்தத் திருத்தும் நொதியிலேயே பிறவிக் குறை இருக்கும் குடும்பங்கள் உண்டு, அவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் இளம் வயதிலேயே வரும் வாய்ப்பு அதிகம்.

திருத்தத்துக்கும் தப்பி நின்றுவிட்ட மாற்றத்தைத்தான் சடுதிமாற்றம் என்கிறோம். நாம் ஒவ்வொருவரும் அம்மாவிடமும் அப்பாவிடமும் இல்லாத 60, 70 புது மாற்றங்களோடு பிறந்திருக்கிறோம். பெரும்பாலானவை ஒன்றும் செய்வதில்லை. சில நோயைத் தரும். எப்போதாவது ஒன்று பயன்படும். நகல் ஒரு தப்பும் இல்லாமல் ஓடியிருந்தால் இந்தப் பூமியில் இன்னும் பாக்டீரியா மாதிரி ஏதோ ஒன்றுதான் இருந்திருக்கும்.

கொரோனா காலத்து பிசிஆர் பரிசோதனையில் நடந்ததும் இதுதானா?

அடிப்படை இதுதான். கொரோனா வைரஸின் மரபுப்பொருள் ஆர்என்ஏ என்பதால் முதலில் அதை டிஎன்ஏவாக மாற்றிக்கொள்வார்கள். பிறகு ஹெலிகேஸுக்குப் பதில் சூடு: 95 டிகிரிக்குக் கொண்டுபோனால் இழைகள் தானே பிரிந்துவிடும். ஆறவைத்து, பாலிமரேஸ் எழுதியதும் மறுபடி சூடு. ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பு, 30 சுற்றில் ஒன்று 107 கோடி ஆகும். இந்த முறையைக் கண்டுபிடித்த கேரி முல்லிஸுக்கு 1993-இல் நோபல். அந்தச் சூட்டில் சாதாரண நொதி வெந்துபோகும், அதனால் வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவின் பாலிமரேஸைப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் கண்டெடுத்த பாக்டீரியா அது. கவனியுங்கள், இங்கேயும் நொதி ஒரு செல்லிடமிருந்துதான் வந்தது.

செல் பிரிவதும் இனப்பெருக்கமும் ஒன்றா?

ஒற்றைச் செல் உயிர்களுக்கு ஒன்றுதான். ராத்திரி உறை ஊற்றும்போது இதைத்தான் செய்கிறோம். ஒரு லிட்டர் பாலில் 10 மில்லி தயிர் விட்டால் பாக்டீரியா நூறில் ஒரு பங்காக நீர்த்துப்போகிறது. காலையில் பழைய அடர்த்திக்கு வர ஏழே ஏழு இரட்டிப்பு போதும்: 2, 4, 8, 16, 32, 64, 128. பக்கத்து வீட்டில் வாங்கிய உறையாக இருந்தால் அவர்கள் வீட்டுத் தயிரின் வாரிசு இப்போது உங்கள் பாத்திரத்தில் இருக்கிறது. நமக்கோ, தோலும் குடலும் தினமும் செல் பிரிந்துதான் புதுப்பிக்கப்படுகின்றன, அது வளர்ச்சியும் பராமரிப்பும். இனப்பெருக்கத்துக்குத் தனியாகச் செல்கள் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன.

வாழையும் கரும்பும் விதையில்லாமல் வளர்கிறதே, அப்புறம் ஆண், பெண் எதற்கு?

நாம் சாப்பிடும் வாழைகளில் பெரும்பாலானவற்றுக்குக் குரோமோசோம் மூன்று தொகுதி. மூன்றை இரண்டாகச் சரியாகப் பங்கிட முடியாது, அதனால் விதை பிடிக்காது. பழத்துக்குள் தெரியும் கறுப்புப் புள்ளிகள் விதையாகாமல் நின்றவை. பக்கக் கன்றைப் பெயர்த்து நடுகிறோம். ஆக ஒரு தோட்டத்து ரஸ்தாளி எல்லாம் மரபளவில் ஒரே மரம். வேலை சுலபம், சுவை மாறாது. ஆனால் ஒன்றைச் சாய்க்கும் நோய் எல்லாவற்றையும் சாய்க்கும். ரஸ்தாளி பயிரிட்டவர்களுக்கு வாடல் நோயைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த நோயைத் தரும் பூஞ்சைதான் சென்ற நூற்றாண்டின் நடுவில் லத்தீன் அமெரிக்காவில் குரோஸ் மிஷெல் என்ற ஏற்றுமதி ரகத்தை வணிகத்திலிருந்தே துரத்தியது. அதன் இடத்தில் வந்த கேவண்டிஷ் ரகத்தை இப்போது அந்தப் பூஞ்சையின் புது வகை ஒன்று தாக்குகிறது.

கரும்பு இதன் மறுபாதியைச் சொல்கிறது. வயலில் கரணை நட்டுத்தான் வளர்க்கிறோம், அதுவும் நகல்தான். ஆனால் கோயம்புத்தூரில் கரும்பு பூக்கும், விதையும் பிடிக்கும், அதனால்தான் 1912-இல் கரும்பு இனப்பெருக்க நிலையத்தை அங்கே வைத்தார்கள். இனிப்பான கரும்பையும் காட்டுத்தனமாக வளரும் நாணல் வகைக் கரும்பையும் கலந்து கோ 205 ரகத்தை உண்டாக்கினார்கள். ஒன்றின் இனிப்பும் மற்றதன் தாக்குப்பிடிக்கும் குணமும் அதில் சேர்ந்தன. அதே நிலையத்தில் 1930-களில் ஜானகி அம்மாள் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். ஆண், பெண் எதற்கு என்பதற்கு என் பதில் இதுதான்: நகல் எடுப்பதால் இருப்பது பெருகும், கலப்பதால் இதுவரை இல்லாத சேர்க்கை கிடைக்கும்.

ஒரே அம்மா அப்பாவுக்குப் பிறந்தும் நானும் தம்பியும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

முட்டையும் விந்தணுவும் உருவாகும்போது 46 குரோமோசோம் 23 ஆகக் குறைய வேண்டும், அதற்குத்தான் குன்றல் பகுப்பு. டிஎன்ஏ ஒரு முறை நகல் ஆகும், செல் இரண்டு முறை பிரியும். ஒவ்வொரு ஜோடியிலும் தாத்தா பக்கத்துக் குரோமோசோம் போகுமா பாட்டி பக்கத்தது போகுமா என்பது அந்தந்த ஜோடிக்குத் தனித்தனியாக நடக்கும் விஷயம், 23 ஜோடிக்கு 2 பெருக்கல் 2 என்று போனால் 83 லட்சத்து 88 ஆயிரத்து 608 வழி. அம்மா பக்கமும் அப்பா பக்கமும் சேர்த்துப் பெருக்கினால் 70 லட்சம் கோடி. போதாதென்று, பிரியும் முன் ஜோடிக் குரோமோசோம்கள் ஒட்டி நின்று துண்டுகளை மாற்றிக்கொள்ளும். உங்களைப் போலவே இன்னொருவர் பிறக்க வேண்டுமானால் அது ஒரே கருமுட்டை இரட்டையாகத்தான் இருக்க முடியும்.

ஆணா பெண்ணா என்பது யாரால்?

முட்டையில் எப்போதும் எக்ஸ் குரோமோசோம்தான். விந்தணுவில் பாதி எக்ஸ், பாதி ஒய். எது முந்துகிறதோ அதுதான். பெண் குழந்தை பிறந்ததற்கு மருமகளைக் குறை சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன, அந்த வீட்டிலிருந்து வந்த பிள்ளைகளே என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காக இந்த இரண்டு வரியை மட்டும் நான் சத்தமாகச் சொல்வேன். கருவில் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வது இந்தியாவில் 1994-ஆம் வருடச் சட்டப்படி குற்றம்.

அம்மா பாதி, அப்பா பாதி என்பது சரிதானா?

உட்கருவின் கணக்கில் சரி. செல்லின் கணக்கில் இல்லவே இல்லை. முட்டை மனித உடலின் மிகப் பெரிய செல்களில் ஒன்று, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, கண்ணுக்கே ஒரு புள்ளியாகத் தெரியும் அளவு. விந்தணு டிஎன்ஏவைச் சுமந்து வரும், மற்றபடி கொண்டுவருவது குறைவு. அதன் மைட்டோகாண்ட்ரியாவைக்கூட (செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் உறுப்பு) முட்டை அழித்துவிடும். அதனால் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் 16,569 எழுத்துத் தனி டிஎன்ஏ அம்மாவிடமிருந்தே வருகிறது. அம்மாவுக்கு அவள் அம்மாவிடமிருந்து.

அதைவிட முக்கியமானது ஒன்று. கருவுற்றதும் நடக்கும் முதல் இரண்டு, மூன்று பிரிவுகளில் நகல் எடுக்கும் நொதிகள் எல்லாம் அம்மா முட்டைக்குள் முன்பே சேர்த்து வைத்தவை. குழந்தையின் சொந்த மரபணுக்கள் முழு வீச்சில் வேலையைத் தொடங்குவது நான்கிலிருந்து எட்டு செல் ஆகும் கட்டத்தில்தான். நம் டிஎன்ஏவின் முதல் நகலை எடுத்துக் கொடுத்தது அம்மா.

வயதாகிக் குழந்தை பெற்றால் பிரச்சினை என்கிறார்களே?

பெண் குழந்தை தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதன் முட்டைச் செல்கள் டிஎன்ஏவை நகல் எடுத்து, குன்றல் பகுப்பைத் தொடங்கி, பாதியில் நின்றுவிடுகின்றன. அப்படியே இருபது, முப்பது, நாற்பது வருடம் காத்திருக்கும். நீங்கள் எந்த முட்டையிலிருந்து வந்தீர்களோ அதன் டிஎன்ஏ நகல் உங்கள் பாட்டியின் வயிற்றுக்குள் எடுக்கப்பட்டது! காத்திருப்பு நீள நீள, குரோமோசோம்களைப் பிடித்து வைத்திருக்கும் கட்டு தளர்ந்து பங்கீடு தவறலாம். 21-ஆம் குரோமோசோம் மூன்றாக வந்துவிட்டால் டவுன் சிண்ட்ரோம். அம்மாவின் 35 வயதில் ஏறக்குறைய 350 பிறப்பில் ஒன்று, 40-இல் 100-க்கு ஒன்று. நாற்பதிலும் 100-இல் 99 பேருக்கு இந்தக் குறை இல்லை என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

அப்பாவின் வயதும் கணக்கில் உண்டு. விந்தணு வாழ்நாள் முழுக்கப் புதிதாக உருவாகிறது, அதற்காக டிஎன்ஏ மறுபடி மறுபடி நகல் ஆகிறது, அப்பாவுக்கு ஒரு வயது கூடினால் குழந்தைக்கு ஒன்று இரண்டு புது மாற்றம் கூடும். முன்பு சொன்ன 60, 70 புது மாற்றங்களில் பெரும்பங்கு அப்பா வழியில்தான் வருகிறது. இதைச் சொல்லாமல் பெண்ணின் வயதை மட்டும் பேசுவது நியாயமில்லை.

சொந்தத்தில் கல்யாணம் செய்தால் என்ன?

ஒவ்வொரு மரபணுவும் பெரும்பாலும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியாக இருக்கும். ஒரு பிரதியில் மட்டும் குறை இருந்து மற்றப் பிரதி சரியாக இருந்தால் பல நோய்கள் வெளியே தெரியாது. அத்தை மகனையோ மாமன் மகனையோ கட்டும்போது இருவருக்கும் தாத்தா பாட்டி பொது, அதனால் ஒரே குறை இரு பக்கமிருந்தும் வந்து சேரலாம். அந்தக் குழந்தையின் மரபணுக்களில் சராசரியாக 16-இல் ஒரு பங்கு இரண்டு பக்கமும் ஒரே பிரதியாக இருக்கும். தாய்மாமனைக் கட்டினால் 8-இல் ஒரு பங்கு. பிறவிக் குறை பொதுவாக நூறு குழந்தைகளில் 2, 3 பேருக்கு வருகிறது என்றால் அத்தை, மாமன் பிள்ளைகள் திருமணத்தில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஏற்கனவே சொந்தத்தில் கட்டியவர்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. குடும்பத்தில் அப்படி ஒரு நோய் இருந்தால் மரபியல் ஆலோசனைக்குப் போய் வாருங்கள், அவ்வளவுதான்.

ஆணே இல்லாமல் வாழும் உயிர் உண்டா?

உங்கள் வீட்டுப் பூந்தொட்டியிலேயே இருக்கலாம். மண்ணைக் கிளறும்போது மண்புழு மாதிரி கறுப்பாக, பளபளவென்று நெளியும் சின்னப் புழுப்பாம்பைப் பார்த்திருப்பீர்கள்; விஷமில்லாதது, கொல்ல வேண்டாம். அதில் எல்லாமே பெண், கருவுறாத முட்டையிலிருந்தே குஞ்சு வரும். ஒன்றே ஒன்று தொட்டி மண்ணோடு கப்பலேறினாலும் போன இடத்தில் பெருகிவிடும், அப்படித்தான் உலகமெங்கும் பரவியது. செடியில் மொய்க்கும் அசுவினியும் ஆணில்லாமல் குட்டி போடும். தேனீயில் கருவுறாத முட்டைதான் ஆணாகிறது, அதற்கு அப்பா இல்லை, தாத்தா உண்டு.

குளோனிங், செயற்கை உயிர் எல்லாம் வந்துவிட்டதே, இனி டிஎன்ஏ மட்டும் போதாதா?

1996 ஜூலையில் ஸ்காட்லாந்தில் பிறந்த டாலி ஆட்டுக்குட்டியின் டிஎன்ஏ ஒரு பெட்டை ஆட்டின் மடிச் செல்லிலிருந்து வந்தது. ஆனால் அதை இன்னொரு ஆட்டின் உட்கரு நீக்கிய முட்டைக்குள் வைக்க வேண்டியிருந்தது, 277 முட்டைகளில் முயன்று ஒன்றுதான் குட்டியானது. 2010-இல் அமெரிக்க விஞ்ஞானி கிரெய்க் வென்டரின் குழு 10 லட்சத்துக்கும் அதிகமான எழுத்துள்ள ஒரு பாக்டீரியாவின் டிஎன்ஏவை வேதிப்பொருளிலிருந்து தொடங்கிக் கட்டினார்கள். அதற்கு உயிர் வந்தது எப்போது? உயிரோடிருந்த வேறொரு பாக்டீரியா செல்லுக்குள் வைத்த பிறகுதான். அந்தச் செல்லின் நொதிகள் புது டிஎன்ஏவைப் படித்து நகல் எடுத்தன, செல் பிரிந்தது. ஒவ்வொரு செல்லும் இன்னொரு செல்லிலிருந்தே வருகிறது என்று 1855-இல் ஜெர்மன் மருத்துவர் விர்ச்சோ எழுதியதற்கு இதுவரை விதிவிலக்கு இல்லை.

டிஎன்ஏவை வீட்டில் பார்க்க முடியுமா?

முடியும், பிள்ளைகளோடு செய்து பாருங்கள். பாதி வெங்காயத்தை நன்றாக மசித்து, அரை டம்ளர் தண்ணீர், அரை ஸ்பூன் உப்பு, ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்து நுரை வராமல் மெதுவாகக் கலக்குங்கள். திரவம் செல்லின் சவ்வை உடைக்கும். பத்து நிமிடம் கழித்துத் துணியில் வடிகட்டி, கண்ணாடி டம்ளரில் விடுங்கள். ஃபிரீசரில் வைத்துக் குளிரவைத்த சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை டம்ளரின் ஓரமாக மெல்ல ஊற்றினால் மேலே தனி அடுக்காக நிற்கும். அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், தீப்பிடிக்கும். சில நிமிடத்தில் இரண்டு அடுக்கும் சேரும் இடத்தில் வெள்ளையாக, சளி போல, நூல் நூலாக ஒன்று எழும்பும். கொஞ்சம் புரதமும் சேர்ந்திருக்கும், ஆனால் லட்சக்கணக்கான செல்களின் டிஎன்ஏ அதில் இருக்கிறது. ஒரு குச்சியில் சுற்றி எடுத்து, ஸ்பிரிட் ஊற்றிய சின்னப் பாட்டிலில் போட்டு மூடி அலமாரியில் வையுங்கள். என்னிடம் போன வருடம் எடுத்தது ஒன்று இருக்கிறது. அன்றைக்கு எவ்வளவு இருந்ததோ அவ்வளவேதான் இன்றைக்கும் இருக்கிறது.